ஒரு பந்தும் ஒரு கேள்வியும்

நோர்வூட்டில் நாம் ஆசிரியத் தொழில் ஏற்றுப் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி இங்கே கிளை பிரிந்து, ஒன்று மஸ்கெலியாவுக்கும் மற்றொன்று பொகவந்தலாவைக்கும் செல்கிறது. எமது மாணவரும் அவ்வாறே ஒரு சந்தியில் நிற்பவர்கள். பத்தாம் பதினோராம் வகுப்பில் அவர்கள் முன்னே இரு பாதைகள் பிரிகின்றன. ஒன்று பரீட்சை, மற்றது கொழும்புக் கடைகள். முதற் பாதையில் அவர்களை அனுப்பிவைப்பதே எம் கடமை என்று கருதி வந்தோம். அந்தக் கருத்தில் பிழையில்லை. ஆனால் அதைச் செய்த முறையில் பிழை இருந்தது என்பதை ஒரு மாணவன் எமக்கு உணர்த்தினான். அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

ஒரு நாள் மழையால் பாடம் தடைப்பட்டது. தகரக் கூரையில் மழை பெய்யும்போது எந்த ஆசிரியனும் குரல் உயர்த்திப் பயனில்லை. மாணவர் சிலர் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றிக் கூடியிருந்தனர். நாம் அருகே சென்றதும் மறைக்க முயன்றனர். திரையில் ஒரு தமிழ்ப்படம். கரிய மேனியும் முறுக்கிய உடலுமாக ஒருவர் அரிவாளுடன் நின்றார்.

"சேர், இவரு ‘திமிரு’ படத்துல வர்ற வில்லன். ‘பிகில்’ படத்துலயும் வந்தாரு. நெசத்துலேயே இவரு பந்து விளையாடுற ஆளாமே, உண்மையா சேர்?" என்று ஒருவன் கேட்டான்.

உண்மைதான் என்றோம். அம்மனிதரின் பெயர் ஐ. எம். விஜயன். கேரளத்தின் திருச்சூரில் 1969 ஆம் ஆண்டு பிறந்தவர். எமது மாணவருக்கு அவர் படத்தில் அடி வாங்கும் வில்லன். இந்தியாவில் உதைபந்தாட்டத்தை நேசிக்கும் மக்களுக்கோ அவர் தம் காலத்தின் ஈடிணையற்ற முன்கள வீரர். ஒரு மனிதனின் இருபது ஆண்டு உழைப்பு மறைந்து, இரண்டு மணி நேரப் படத்தின் நிழல் மட்டும் எஞ்சுவது நம் காலத்தின் இயல்பு போலும். மழை விடும்வரை அவருடைய வரலாற்றைச் சொன்னோம்.

வறிய குடும்பத்தில் பிறந்த விஜயன் சிறு வயதில் திருச்சூர் நகரசபை மைதானத்தில் சோடா விற்றார். போத்தல் ஒன்றுக்குப் பத்துப் பைசா கிடைத்தது. ஆட்டம் நடக்கும் நாளில் சோடா விற்பதும், ஆட்டமில்லா நாளில் அதே புல்தரையில் பந்து உதைப்பதுமாக அவர் வளர்ந்தார். பயிற்சியாளர் டி. கே. சாத்துண்ணியின் கண்ணில் பட்டார்; முறையான பயிற்சி பெற்றார். பதின்ம வயது கடக்குமுன்னரே கேரளப் பொலிஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. வி. பி. சத்தியன், சி. வி. பாப்பச்சன், யு. சரப் அலி முதலியோர் விளையாடிய அந்த அணி 1990 ஆம் ஆண்டிலும் 1991 ஆம் ஆண்டிலும் அடுத்தடுத்துக் கூட்டமைப்புக் கிண்ணத்தை வென்றது. அரச ஊழியர்களைக் கொண்ட ஓர் அணி, பணபலம் மிக்க கழகங்களை வென்று நாட்டின் முதன்மைக் கிண்ணத்தைக் கைப்பற்றியது.

பின்னர் கல்கத்தா அவரை அழைத்தது. மோகன் பகான் கழகத்தில் 1991 ஆம் ஆண்டு சேர்ந்தார். வங்க மக்கள் அவரைக் ‘கறுப்பு மான்’ என்று கொண்டாடினர். பஞ்சாப்பின் பக்வாரா நகரிலிருந்த ஜே.சி.டி. ஆலையின் அணி, 1997 இல் புதிதாக எழுந்த எப்.சி. கொச்சின், ஈஸ்ட் பெங்கால், கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் என்று இந்தியாவின் பெருங்கழகங்கள் பலவற்றில் ஆடினார். இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் ஆண்டின் சிறந்த வீரர் விருது மூன்று முறை அவருக்குக் கிடைத்தது. காத்மண்டுவில் 1999 இல் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவில், பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிப் பன்னிரண்டே வினாடிகளில் கோல் அடித்தார். நாம் ‘பன்னிரண்டு’ என்று எண்ணி முடிப்பதற்குள் பந்து வலைக்குள் கிடந்தது. ஐதராபாத்தில் 2003 இல் நடந்த ஆபிரிக்க-ஆசிய விளையாட்டு விழாவில் நான்கு கோல்கள் அடித்து, இந்தியாவுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைக்கத் துணை நின்று, சர்வதேச அரங்கிலிருந்து விடைபெற்றார். அதே ஆண்டு அர்ச்சுனா விருதும் பெற்றார். ஜெயராஜ் இயக்கிய ‘சாந்தம்’ என்னும் மலையாளப் படத்தில் நடித்தார். ஆட்டக்காலம் முடிந்தபின் மீண்டும் கேரளப் பொலிஸ் சேவைக்கே திரும்பி, மலபார் சிறப்புப் பொலிஸ் படையின் துணைக் கட்டளை அதிகாரியாக 2025 இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டு பத்மஸ்ரீ விருதும் அவருக்கு அறிவிக்கப்பட்டது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஆசிரியர் எவரும் சொல்வதுபோல நாமும் முடித்தோம். "பார்த்தீர்களா? சோடா விற்றவர் எவ்வளவு உயர்ந்தார்! முயற்சி இருந்தால் எதுவும் முடியும்."

மழை குறைந்திருந்தது. பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். மேற்கணக்குத் தோட்டத்து லயத்திலிருந்து நாள்தோறும் நடந்து வருபவன். தாய் கொழுந்து பறிப்பவள். தந்தை கொழும்பில் ஒரு கடையில். வகுப்பில் அதிகம் பேசாதவன்.

"சேர், அவரு சோடா வித்தாரு, சரி. ஆனா வித்த எடம் மைதானம் இல்லியா? நாங்க கொழுந்து மூட்டை தூக்குற எடத்துல மைதானம் எங்க சேர் இருக்கு? அவருக்குப் பொலிசுல வேலை குடுத்தாங்க. எங்களுக்கு யாரு குடுப்பா?"

வகுப்பு சிரித்தது. எம்மால் சிரிக்க முடியவில்லை. ஏனெனில் அவன் கேட்ட கேள்வி எம்முடைய பாடத்தைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. அதுமட்டுமன்று. இரண்டாண்டுகளுக்கு முன் அவனிடமிருந்து ஒரு பந்தைப் பறித்து அலுமாரியில் பூட்டி வைத்தவர் நாமே. "பந்து சோறு போடுமா?" என்று அன்று கேட்டோம். அவன் தலைகுனிந்து நின்றான். இப்போது, சோறு போட்ட பந்தின் கதையை அவனுக்கே நாம் சொல்லிக்கொண்டிருந்தோம்!

பேராதனையில் தமிழ் பயின்ற எமக்கு விளையாட்டின்மீது ஒரு மெல்லிய இகழ்ச்சி இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். முல்லைக்கலியின் ஏறுதழுவலை வியந்து கற்பித்தோம். சிலப்பதிகாரத்தின் கந்துகவரியைப் பந்தாட்டப் பாட்டு என்று விளக்கினோம். பாட்டிலே பந்து வந்தால் பண்பாடு. பையன் கையிலே பந்து வந்தால் குற்றம்! இந்த முரண்பாடு பல ஆண்டுகளாக எம் கண்ணில் படவேயில்லை.

அன்று மாலை அந்த மாணவனுடன் அவன் தோட்டத்துக்கு நடந்தோம். லயங்களுக்கு மேலே பிரட்டுக்களம். காலையில் தொழிலாளர் கூடி நின்று பெயர் கொடுக்கும் இடம் அது. மலைச்சரிவிலே தட்டையான நிலம் அரிது. இருந்த தட்டை நிலத்தில் தொழிற்சாலையும் துரை பங்களாவும் அமைந்தன. எஞ்சியது பிரட்டுக்களம் ஒன்றே. நான்கரை மணிக்கு மேல், கொழுந்து நிறுத்து முடிந்தபின், பிள்ளைகள் அங்கே ஆடுகிறார்கள். ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் தேயிலைச் சரிவு. ஓங்கி உதைத்தால் பந்து சரிவிலே உருண்டு கீழே கான் வரை போய்விடும். அதை எடுத்து வருவதற்குள் இருட்டிவிடும். ஆகவே அப்பிள்ளைகள் ஓங்கி உதைப்பதில்லை. பந்தைக் காலோடு ஒட்டிவைத்துக்கொண்டு, இரண்டு மூன்று அடி தூரத்துக்கே தள்ளிக் கொடுத்து ஆடுகிறார்கள். அந்த மாணவன் ஐந்து பேர் நடுவே பந்தைக் கொண்டு நழுவிச் சென்றதைக் கண்டோம். விளையாட்டைப் பற்றி ஏதும் அறியாத எமக்கே அது திறமை என்று விளங்கியது. அதே வேளையில், முப்பது யார் தூரத்திலிருந்து கோலை நோக்கி உதைக்க அவன் ஒருநாளும் பழகியதில்லை என்பதும் விளங்கியது. நிலத்தின் அளவே அவன் ஆட்டத்தின் அளவாகிவிட்டது.

நோர்வூட்டில் மைதானம் இல்லாமலில்லை. 2017 மே 12 ஆந் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி வந்து பேசியபோது, மலையகம் முழுவதுமிருந்து மக்கள் திரண்ட மைதானம் அதுவே. ஆனால் மேற்கணக்கிலிருந்து அங்கு வந்து ஆடிவிட்டுத் திரும்பப் பஸ் செலவு வேண்டும், வெளிச்சம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் வேண்டும். பாடசாலை ஒன்றரை மணிக்கு முடிகிறது. அதன்பின் தண்ணீர், விறகு, தங்கையைப் பார்த்துக்கொள்ளல். தாய் மலையிலிருந்து இறங்கும்வரை வீடு அவன் பொறுப்பு. பிள்ளையின் ஓய்வு தாயின் வேலை நேரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. பறித்த கொழுந்து குறித்த கிலோவை எட்டாவிட்டால் அரைப்பேர்தான் விழும் என்று அஞ்சும் தாய், மகனை மைதானத்துக்கு அனுப்புவது எப்படி?

விஜயனின் வரலாற்றை நாம் மீண்டும் எண்ணிப் பார்த்தோம். அவருடைய திறமை அவருடையதே. அதை எவரும் மறுக்க இயலாது. ஆனால் அத்திறமையைக் கைதூக்கி விட்டவை எவை? முதலாவது, நகரசபை அமைத்த ஒரு பொது மைதானம். அதன் வாயில் ஏழைச் சிறுவனுக்கும் திறந்திருந்தது. இரண்டாவது, அவனைக் கண்டு பயிற்றிய ஒரு பயிற்சியாளர். மூன்றாவது, பந்தாடுவதையும் ஒரு வேலையாக மதித்து மாதச் சம்பளம் கொடுத்த ஓர் அரசுத் துறை. இம்மூன்றில் ஒன்று இல்லாதிருந்தாலும் அவர் திருச்சூரில் இன்னும் சோடா விற்றுக்கொண்டிருந்திருக்கலாம். ‘முயற்சி திருவினையாக்கும்’ என்று சொல்லி முடித்தபோது இம்மூன்றையும் நாம் விழுங்கிவிட்டோம். ஏழை உயர்ந்த கதையை இவ்வாறு அரைகுறையாகச் சொல்வது, உயராத ஏழைகள் எல்லோரையும் சோம்பேறிகள் என்று ஏசுவதற்குச் சமம்.

வணிகம் இம்மூன்றுக்கும் ஈடாகாது என்பதற்கும் அவர் வரலாற்றிலேயே சான்று உண்டு. எப்.சி. கொச்சின் பெரும் ஆரவாரத்தோடு தொடங்கிய தனியார் கழகம். தொடங்கிய ஆண்டிலேயே டூரண்ட் கிண்ணத்தை வென்றது. கேரள அணி ஒன்று அக்கிண்ணத்தை வென்றது அதுவே முதன்முறை. எனினும் சில ஆண்டுகளுக்குள் பணநெருக்கடியில் வீழ்ந்து மறைந்தது. முதல் தேசிய லீக்கை வென்ற ஜே.சி.டி. அணியும் 2011 இல் கலைக்கப்பட்டது. பொலிஸ் வேலையோ விஜயனின் நரை வயதுவரை நின்றது. ஆயினும் வேலை மட்டுமே மனிதனைக் காத்துவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. அவருடைய தோழரும் இந்திய அணியின் தலைவருமாயிருந்த சத்தியன் வங்கி உத்தியோகத்தில் இருந்தவர். 2006 இல் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். ஆட்டம் முடிந்தபின் வீரனின் உள்ளத்தை யார் கவனிக்கிறார்கள் என்ற கேள்வியை அவர் விட்டுச் சென்றார்.

உலக வரலாறும் இதையே உரைக்கிறது. இங்கிலாந்தில் உதைபந்தாட்டம் பாடசாலைக் கனவான்களிடமிருந்து உழைப்பாளர் கைக்கு வந்தது எவ்வாறு? 1850 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நெசவாலைகளை மூட வைத்தது. அந்த அரைநாளில்தான் தொழிலாளி பந்தைத் தொட்டான். இன்று கோடிகள் புரளும் மான்செஸ்டர் யுனைட்டெட், நியூட்டன் ஹீத் ரயில்வேத் தொழிலாளர் 1878 இல் தொடங்கிய கழகம். ஆர்சனல், வூலிச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர் 1886 இல் தொடங்கியது. வெஸ்ட் ஹாம், தேம்ஸ் இரும்புத் தொழிற்சாலையில் 1895 இல் பிறந்தது. ருமேனியாவில் 1975 இல் 33 கோல்களும் 1977 இல் 47 கோல்களும் அடித்து ஐரோப்பாவின் தங்கப் பாதணியை இருமுறை வென்ற டுடு ஜார்ஜெஸ்கு ஆடியது, உள்துறை அமைச்சின் கீழ் அமைந்த டினாமோ புகரெஸ்டு கழகத்தில். சட்டம் தந்த ஓய்வு, தொழிற்கூடம் தந்த அணி, அரசு தந்த வேலை — இவற்றின் தோளில் ஏறியே வீரர்கள் உயர்ந்திருக்கிறார்கள்.

"முத்தையா முரளிதரன் நம்மவர் அல்லவா?" என்று எம் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். ஆம், அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர். டெஸ்ட் ஆட்டங்களில் எண்ணூறு விக்கெட்டுகள் என்னும் சாதனையை அவர் 2010 இல் காலியில் நிறைவு செய்தபோது மலையகமே பெருமை கொண்டது. ஆனால் அவர் எமது மாணவனைப் போல லயத்திலிருந்து வந்தவரல்லர். தந்தையார் கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். அவர் பயின்றது கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில். அங்கே மைதானம் இருந்தது; பயிற்சியாளர் இருந்தார். அவர் பெருமையை இது குறைப்பதன்று. லயத்துப் பிள்ளைக்கு எது இல்லை என்பதையே இது காட்டுகிறது.

இவற்றையெல்லாம் எண்ணி நாம் செய்தது என்ன? அலுமாரியைத் திறந்து பந்தைத் திருப்பிக் கொடுத்தோம். காற்றுப் போய்ச் சுருங்கிக் கிடந்தது. பிறகு உரிய அலுவலகம் ஒன்றுக்குக் கடிதம் எழுதினோம். இங்கே திறமையுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், வாரம் ஒருமுறையாவது பயிற்சியாளர் ஒருவரை அனுப்புங்கள் என்று கேட்டோம். பதில் வரவில்லை. மீண்டும் எழுதினோம். இம்முறை பதில் வந்தது. கோரிக்கை கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்றது. நம் நாட்டில் இராணுவமும் விமானப்படையும் பொலிசும் உதைபந்தாட்ட அணிகளை நடத்துகின்றன என்பதை மாணவனுக்குச் சொன்னோம். "அங்க போய்ச் சேர்றதுக்கு முன்னுக்கு யாராவது என்னைய பாக்கணுமே சேர்" என்றான். நியாயமான சொல்.

அடுத்த தை பிறக்குமுன் அவன் பாடசாலையை விட்டு நின்றுவிட்டான். அவன் வீட்டுக்குச் சென்றோம். தாய் வாசலில் நின்றாள். கூடைக் கயிறு நெற்றியில் பதிந்த தடம் அழியவில்லை.

"நான் என்ன சேர் செய்யிறது? சின்னவளும் படிக்கிறா. இவன் அப்பா வேலை செய்யிற கடையிலேயே எடம் இருக்குன்னாங்க. பந்து வெளையாடட்டும்னுதான் எனக்கும் ஆசை. ஆசையை ஒலையில போட முடியுமா?" என்றாள்.

அவளிடம் வாதாட எமக்கு வாய் எழவில்லை. ‘பந்து சோறு போடுமா’ என்று நாம் ஏளனமாகக் கேட்ட கேள்வியை அவள் கண்ணீரோடு கேட்டாள், அவ்வளவுதான் வேறுபாடு.

தீபாவளிக்கு அவன் ஊர் வந்திருந்தான். நோர்வூட் மைதானத்தில் பிள்ளைகளுடன் ஆடிக்கொண்டிருந்தவன் எம்மைக் கண்டு ஓடிவந்தான். காலை ஆறு முதல் இரவு பத்துவரை கடையில் நிற்கிறானாம். "கால் அப்பிடியேதான் இருக்கு சேர். மூச்சுத்தான் முந்தி மாதிரி வரமாட்டேங்குது" என்று சிரித்தான். அவனுக்கு அப்போது வயது பதினேழு. அந்த வயதளவில்தான் விஜயன் பொலிஸ் அணியின் வாயிலில் நின்றார்.

வாசகரே, ஒரு விஜயனைத் தவற விட்டோம் என்று நாம் சொல்லவரவில்லை. அவன் பெரிய வீரனாகியிருப்பானா என்பதை எவர் அறிவார்? சாதாரண வீரனாகவே இருந்திருக்கலாம். சாதாரண வீரனாக இருப்பதற்கும் அவனுக்கு உரிமை உண்டு. மாலையில் ஒரு மணி நேரம் சமதரையில் ஓடுவதற்கு ஒரு பிள்ளை மேதையாக இருக்க வேண்டுமா? மேதைக்கு மட்டுமே வாயில் திறக்கும் சமுதாயம், மேதையையும் தற்செயலாகவே கண்டெடுக்கும்.

மலையகத்தின் கோரிக்கைகள் பல. நியாயமான சம்பளம், சொந்தக் காணி, நல்ல வீடு — இவை முதன்மையானவை. இவற்றோடு இன்னொரு வரியையும் சேர்க்க வேண்டும் என்கிறோம். வீட்டுக்கு ஏழு பேர்ச்சா பத்துப் பேர்ச்சா என்று வாதாடும்போதே, ஒவ்வொரு தோட்டத்துக்கும் பிள்ளைகள் ஓடியாட ஒரு சமதரையையும் கேட்போம். தாய்மாரின் வேலை நேரத்தைப் பேசும்போது அவர்தம் பிள்ளைகளின் ஓய்வு நேரத்தையும் பேசுவோம். விளையாட்டு ஆசிரியர் இல்லாத பாடசாலைகளின் பட்டியலை ஆசிரியர் சங்கங்கள் கையில் எடுக்கட்டும். பாடநேர அட்டவணையில் உடற்கல்விக்கு ஒதுக்கிய நேரத்தைக் கணிதத்துக்கும் தமிழுக்கும் பறித்துக்கொள்ளும் நாம், முதலில் அதைத் திருப்பிக் கொடுப்போம். இது எவருடைய அனுமதியும் வேண்டாத வேலை. நாளை காலையே தொடங்கலாம்.

அந்த மாணவனின் தங்கை இப்போது எம் வகுப்பில் இருக்கிறாள். சென்ற வாரம் எமது மேசையருகே வந்து நின்று, "சேர், அண்ணனோட பந்து வீட்டுல சும்மா கெடக்கு. பொம்பளப் பிள்ளைங்களும் வெளையாடலாமா?" என்று கேட்டாள். கொண்டுவரச் சொன்னோம். அவள் கொண்டுவந்த பந்துக்கு நாமே காற்றடித்துக் கொடுத்தோம். மைதானத்துக்கான மனுவில் அவளும் அவள் வகுப்பு மாணவியரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இம்முறை பதில் வரும்வரை எழுதிக்கொண்டே இருப்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.